மறுப்பு பட்டன்

கேமரா கம்பெனிக்காரனுக்குப் புத்தி என்று ஒன்று இருந்தால் ஒரு பாடியில் இருபது பட்டன் வைப்பானா? மனுஷனுக்கு இருப்பதே பத்து விரல். அதில் எட்டு விரல் கேமராவைக் கீழே விடாமல் பிடிக்கவே சரியாய்ப் போகும். மிச்சம் வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்று, கட்டைவிரல் ஒன்று. அந்த ரெண்டு விரலுக்கு இருபது பட்டன்! பாதிப் பட்டன் கல்யாண வீட்டுப் பெரிய மாமா மாதிரி இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். கேமரா பழசாகி எடைக்குப் போகிற வரைக்கும் ஒருத்தன் தொட்டிருக்க மாட்டான். கோவில்பட்டியில் கல்யாணப் போட்டோ எடுக்கிற சுடலைமணி இந்தப் பேச்சை ஆரம்பித்தான் என்றால் எதிரில் இருப்பவனுக்கு டீ ஆறிவிடும்.

அதனால் அந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுக் கேமரா வாங்கினால் முதலில் சந்தனப் பொட்டு, அடுத்தது பட்டன் மாற்றுவது. எந்தப் பட்டன் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று அவரவர் விரலுக்குத் தோதாக உள்ளே மாற்றி வைத்துக்கொள்வார்கள். ஒருத்தன் கேமரா இன்னொருத்தனுக்கு ஆகாது, செருப்பு மாதிரிதான். சுடலைமணியின் கேமராவில் கட்டைவிரல் உட்காருகிற இடத்தில் போகஸ். அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் எதிரில் இருக்கிற ஆளின் கண்ணை லென்ஸ் விடாமல் பிடித்திருக்கும். பதினைந்து வருஷமாக அந்த விரல் அங்கேதான் கிடந்தது. தூக்கத்தில்கூட தலையணையை அமுக்குகிறான் என்று அவன் பொண்டாட்டி கேலி பண்ணுவாள்.

ஆனால் அந்த இடம் போகஸுக்கானது இல்லை. சட்டப்படி அங்கே மறுப்பு பட்டன்தான் இருக்க வேண்டும்.

அந்தப் பட்டன் வந்த கதை இது. ஊரில் இருக்கிற பொம்பளைப்பிள்ளைகள் முகத்தையெல்லாம் எடுத்து அசிங்கமான வீடியோவில் ஒட்டி, அவர்களைத் தலைகாட்ட முடியாமல் பண்ணிய காலம் ஒன்று இருந்தது. கிணற்றிலும் தண்டவாளத்திலும் போய் விழுந்த பிள்ளைகள் எத்தனையோ. அதற்கு மருந்தாகக் கவர்மெண்டு ஒரு சட்டம் போட்டது. என்னை எந்தக் கேமராவும் எடுக்கக்கூடாது என்று ஒருத்தி நினைத்தால், ஒரு போட்டோகிராபர் முன்னால் போய் நிற்கலாம். அவர் லென்ஸை அவள் முகத்துக்கு நேரே வைத்து மறுப்பு பட்டனை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அவள் தலையைக் குனிந்து கண்ணை மூடினால் சம்மதம் என்று அர்த்தம். "மறுப்பு ஏற்கப்பட்டது" என்று கேமராவே குரல் கொடுக்கும். அதற்குப் பிறகு உலகத்தில் எந்த லென்ஸிலும் அவள் விழ மாட்டாள். முகம் மட்டுமில்லை, முழு உருவமும் போய்விடும். அவள் நிற்கிற இடத்தில் பின்னால் இருக்கிற சுவரையோ மரத்தையோ கேமராவே வரைந்து நிரப்பிவிடும்.

நல்ல சட்டம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அதே கவர்மெண்டுதான் ரேஷன், பஸ், பேங்க், ஆஸ்பத்திரி, வேலைக்கு வந்தாளா வரவில்லையா என்பது வரைக்கும் எல்லாவற்றையும் முகத்தைப் பார்த்துக் கொடுக்கச் சொல்லி லென்ஸிடம் ஒப்படைத்தது. முகம் விழாதவளுக்குப் பஸ் கதவுகூடத் திறக்காது. பிறகு எவள் வந்து மறுப்பு கொடுப்பாள்? கோவில்பட்டியில் ஒருத்தியும் கொடுத்ததில்லை. அதனால் ஊரிலிருந்த போட்டோகிராபர்கள் எல்லோரும் கேமரா ரிப்பேர் பார்க்கிற பீர் பாயிடம் போய், மறுப்பைத் தூக்கி உள்ளே ஏதோ ஒரு மூலையில் போட்டுவிட்டு, அந்த நல்ல இடத்தில் போகஸை வைத்துக்கொண்டார்கள். குற்றம்தான். போலீஸ் போட்டோகிராபர் கேமராவிலும் அப்படித்தான் இருந்தது.

செண்பகா என்கிற பெண்ணின் கல்யாணத்தன்று சுடலைமணியின் கேமரா படுத்துவிட்டது. ஓமப் புகை மேலே கிளம்புகிறது, கேமராவின் திரை கறுப்பாகிக் கிடக்கிறது. தட்டினான், பேட்டரியைக் கழற்றி மாட்டினான், குலசாமியைக் கூப்பிட்டான். ஒன்றும் நடக்கவில்லை. பீர் பாய்க்குப் போன் போட்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக் கெஞ்சினான். பாய் வாடகைக்கு விடுகிற, லென்ஸ் இல்லாத கேமரா பாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பைக்கில் பறந்து வந்தார்.

"ஓய், இது புத்தம் புதுசுவே. நேத்துதான் அட்டைப்பெட்டியில இருந்து எடுத்தேன். ஒம்ம கையிலதான் கன்னி ஓட்டம், பாத்துப் பதனமா..."

"நான் மானம் போயி நிக்கேன், ஒமக்குக் கன்னி ஓட்டமா? குடும்வே!" என்று பிடுங்கி, லென்ஸை மாட்டிக்கொண்டு மணவறைக்கு ஓடினான். பட்டனை மாற்றியாச்சா என்று அவன் கேட்கவில்லை. மாற்றவில்லை என்று பாயும் சொல்லவில்லை. தாலித்தட்டு சபையைச் சுற்றி ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு மணவறைக்குத் திரும்பிவிட்டது.

தாலி கட்டுகிற நேரத்தைத் தவறவிட்டவன் அப்புறம் அந்த ஊரில் ஒரு காதுகுத்துக்குக்கூடக் கேமரா தூக்க முடியாது. சுடலைமணி ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினான். "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்று யாரோ கத்த, தவில்காரர்கள் மண்டபமே இடிந்து விழுகிற மாதிரி அடித்தார்கள். மாப்பிள்ளை ராஜபிரபு தாலியை எடுத்தான். செண்பகா எல்லாப் பெண்களையும்போலத் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தை நட்டநடுவில் வைத்து, கட்டைவிரலை அதன் இடத்தில் அமுக்கிப் பிடித்தான் சுடலைமணி. மூன்று முடிச்சும் விழுகிற வரைக்கும் விரலை எடுக்கவில்லை. கேமரா ஏதோ சொன்னது. அந்த மேளச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

மண்டபத்தில் இருந்த பெரிய திரையில்தான் முதலில் தெரிந்தது. மாப்பிள்ளை தனியாக உட்கார்ந்து காற்றுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தான். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஏலே, பொண்ணக் காணோம்லே! தாலிய வாங்கிக்கிட்டு ஓடிட்டாளா பாருங்க!" என்று ஒரு கிழடு கத்தியது. திரையில் ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள். சுடலைமணி கேமராவைத் திருப்பி, எடுத்த படங்களைப் பார்த்தான். ராஜபிரபுவின் ரெண்டு கைகளுக்கு நடுவில் மஞ்சள் கயிறு அந்தரத்தில் தொங்கியது. கழுத்து இல்லை, பட்டுச்சேலை இல்லை, பொண்ணே இல்லை. பின்னால் இருந்த வாழைமரம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

பீர் பாய் அப்போதுதான் பந்தியில் உட்காரப் போனார். அவரைச் சமையல்கட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"பாய், இந்தப் பாடியில மறுப்பு எங்கவே இருக்கு?"

"கம்பெனி வச்ச எடத்துலதான். நீரு மாத்திக்கிடுவீருன்னு..." சொல்லும்போதே பாய்க்கு விளங்கிவிட்டது. "யா அல்லா! யாரவே அமுக்குனீரு?"

"பொண்ண."

"சம்மதம் இல்லாம ஏறாதே. அந்தப் புள்ள தலையக் குனிஞ்சு, கண்ண மூடி..."

"தாலி கட்டும்போது குனியாம, நிமிந்து மொறச்சுக்கிட்டா இருக்கும்? எந்த ஊருக்காரருவே நீரு?"

பாய் தலையில் கையை வைத்துக்கொண்டு கீழே கிடந்த விறகின் மேல் உட்கார்ந்துவிட்டார். சுடலைமணி அவர் தோளைப் பிடித்து உலுக்கினான். "இத எடுக்க வழி இருக்கா இல்லையா, அதச் சொல்லும்."

"அந்தப் புள்ளயே போயி எடுன்னு கேட்டாலும் கவர்மெண்டுக்காரன் எடுக்க மாட்டான். எவனாவது மெரட்டிக் கேக்க வச்சிருவான்னு அந்தக் கதவ அடச்சிட்டான். அமுக்குனவரு போவணும். திருநெல்வேலி மறுப்பு ஆபீசுல லென்சுக்கு நேர நின்னு, சம்மதமில்லாம நான்தான் அமுக்கிட்டேன்னு நீரு ஒரு வார்த்த சொன்னீருன்னா, அன்னைக்கே அந்தப் புள்ள முகம் திரும்பிரும்."

"சொன்னா எனக்கு?"

"லைசன்ஸ் போவும். பட்டன மாத்தி வச்சிருந்ததத் தோண்டுவான். ரெண்டு மூணு வருசம் களி திங்கணும். என் கடைக்கும் பூட்டுதான்."

உள்ளே பாயசம் பரிமாறுகிற சத்தம் கேட்டது. "ரெண்டு நாள் போவட்டும் பாய். பாத்துக்கிடலாம்" என்றான் சுடலைமணி.

இந்த ரெண்டு நாள் என்கிற வார்த்தையை எவன் கண்டுபிடித்தானோ, அவன் வாயில் மண் விழ. மனுஷன் செய்கிற பாவத்தில் பாதி இந்த ரெண்டு நாளுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. கார்டு கெட்டுப்போச்சு, படம் ஒன்றும் தேறவில்லை என்று பொண்ணு வீட்டில் சொல்லிவிட்டுச் சுடலைமணி வீட்டுக்குப் போய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

அன்றைக்குச் சாயங்காலமே விஷயம் வெளியில் வந்துவிட்டது. ராஜபிரபு வீட்டில் லென்ஸ் வைத்த வாசல் கதவு வந்தவர்கள் எல்லோருக்கும் திறந்தது, ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்த மருமகளுக்குத் திறக்கவில்லை. அவளைக் கையைப் பிடித்து இழுத்து, மாமியாரின் முதுகோடு ஒட்டி உள்ளே நுழைத்தார்கள். மறுப்பு ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டால், முகூர்த்த நேரத்தில் பெண்ணின் சம்மதத்தோடு மறுப்பு பதிவாகியிருக்கிறது என்று பதில் வந்தது. மாமியார்க்காரி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பிவிட்டாள். "தாலி ஏறுற நேரம் பாத்து முகத்த மறைக்கான்னா எவனுக்குப் பயந்து மறைக்கா? இவள எந்த வீடியோவுல எவன் எடுத்து வச்சிருக்கான்?"

ராஜபிரபு சுடலைமணிக்குப் போன் பண்ணினான். கத்தவில்லை, சாந்தமாகத்தான் கேட்டான். "அண்ணாச்சி, ஒரே கேள்விதான். அவ கேட்டாளா, நீங்களா அமுக்குனீங்களா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். சுடலைமணிக்கு ஜெயில் கம்பி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. "பொண்ணுதான் கேட்டுச்சு தம்பி. கேட்டா அமுக்கணும்லா, சட்டம் அப்படித்தான இருக்கு" என்றான். எதிர்ப்பக்கம் போனை வைக்கிற சத்தம் கேட்டது.

செண்பகா சுடலைமணியின் ஸ்டுடியோவுக்கு வந்தபோது ஆடி பிறந்துவிட்டது. பஸ் அவளை ஏற்றாது என்பதால் இனாம்மணியாச்சிப் பக்கத்தில் இருந்த புருஷன் வீட்டிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலையில் இருந்தவள். அந்த வாசலும் இப்போது அவளுக்குத் திறப்பதில்லை. தினமும் வரவில்லை, வரவில்லை என்று பதிவாகி, வேலை போயிருந்தது. சுடலைமணி எழுந்து மின்விசிறியைப் போட்டான். அவளை நேராகப் பார்க்கிற தைரியம் அவனுக்கு இல்லை.

"நான் கேட்டேன்னு சொன்னீங்களாம் அண்ணாச்சி."

"நீ தலையக் குனிஞ்சு கண்ண மூடுன தாயி. நான் என்னன்னு நெனைக்க?"

"தாலி கட்டும்போது எந்தப் பொண்ணு அண்ணாச்சி கண்ண முழிச்சுக்கிட்டு இருப்பா? நீங்க எத்தன கல்யாணம் எடுத்திருக்கீங்க, ஒங்களுக்குத் தெரியாதா?"

அவள் சேலைத் தலைப்பை விலக்கித் தோளைக் காட்டினாள். பழைய காயம் மஞ்சளாகவும் புதுக் காயம் ஊதாவாகவும் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தது. "ஸ்டேஷனுக்குப் போனேன். வாக்குமூலத்த வீடியோவுல பதிவு பண்ணாம கேஸ் எடுக்க முடியாதாம். அவுக கேமராவுல வெறும் நாற்காலிதான் தெரியுதாம். அந்த ஏட்டு நல்ல மனுசன்தான், போயிட்டு வாம்மான்னாரு. எங்க போயிட்டு எங்க வர?"

சுடலைமணி கைக்குக் கிடைத்த கேமராவை எடுத்து அவள் தோளைப் படம் எடுத்துப் பார்த்தான். கேமராவில் ஸ்டுடியோவின் நீலத் திரை மட்டும் இருந்தது.

"மொதல்ல அடுக்களைக்குள்ள கூட்டிட்டுப் போயித்தான் அடிச்சாரு" என்றாள் செண்பகா. குரல் உயரவே இல்லை. "இப்ப நடுக்கூடத்துல, வீட்டுக் கேமராவுக்குக் கீழயே வச்சு அடிக்காரு. அடிச்சுட்டு அந்த வீடியோவப் போட்டு என்னையவே பாக்கச் சொல்லுவாரு. அதுல அவரு மட்டும் தனியா கைய வீசிக்கிட்டு நிப்பாரு. ஒன்னைய யாரு அடிச்சான்னு கேட்டுச் சிரிப்பாரு. நீங்க போயி ஒரு வார்த்த சொன்னாப் போதும்னு சொல்லுதாங்க. சொல்லுங்க அண்ணாச்சி. ஒங்க கால்ல வேணாலும் விழுதேன்."

"பாக்கலாம் தாயி. முகூர்த்தமெல்லாம் முடியட்டும். மொள்ளமா ஒரு நாள் போயிட்டு வாரேன்" என்றான் அவன். கடையிலிருந்து ஒரு கலர் வாங்கிக் கொடுத்து, அவள் குடிக்கிற வரைக்கும் காத்திருந்து அனுப்பிவைத்தான். வாய் கூசாமல் மொள்ளமா என்கிறான், பாருங்கள்! ஆடியில் எவன் வீட்டில் முகூர்த்தம்? அவள் அதைக்கூடக் கேட்கவில்லை.

ஆவணி வந்தது. அவன் போகவில்லை. புரட்டாசியில் தேதி பிடிக்க ஒருத்தர் வந்தார். ஐப்பசியில் மகனுக்குக் கல்யாணம். நல்ல வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. எல்லாம் பேசி முடித்த பிறகு எழுந்து போய் ஸ்டுடியோ கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நம்ம ராஜபிரபு தம்பி சொல்லிச்சு. தாலி கட்டும்போதே அந்தக் காரியத்த முடிச்சிரலாமாமே?"

"எந்தக் காரியம்?"

"அதான், பட்டன். பொண்ணு ரொம்பப் படிச்சுட்டுது, வாய் கொஞ்சம் நீளம். நாளைக்கு ஒரு சொல்லுக்கு ஸ்டேஷன், கோர்ட்டுன்னு ஏறிரக் கூடாது பாத்துக்கிடுங்க. அமுக்கி விட்டுட்டா வீட்டுக்குள்ள அடக்கமா கெடக்கும். தம்பி சம்சாரம் இப்ப எப்படி இருக்கு! கழுத, உதைச்சாலும் சத்தம் வெளிய வரல."

சுடலைமணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எந்திரிச்சு வெளிய போமய்யா!" என்று கத்தினான். அவர் கோபப்படவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிதானமாகத்தான் எழுந்தார். "ஒருத்திக்குச் செஞ்ச கைதான ஒம்ம கை? நீரு மாட்டேன்னா இன்னொருத்தன் செய்யுதான். ஊர்ல கேமராவுக்கா பஞ்சம்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு ராத்திரிச் சோறு அவனுக்கு இறங்கவில்லை. போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவு பண்ணினான். ஆனால் அடுத்த நாள் சாத்தூரில் ஒரு வளைகாப்பு இருந்தது. அது முடிந்து வந்தபோது பீர் பாய் ஸ்டுடியோ வாசலில் நின்றார். ராஜபிரபு செத்துப்போனான் என்றார். குடித்துவிட்டு மாடிப்படியில் கால் இடறி விழுந்துவிட்டான். போலீஸ் வந்து கூடத்துக் கேமராவில் எல்லாவற்றையும் பார்த்தார்கள். மேல்படியில் தனியாகத் தள்ளாடி விழுகிறான், பாதிப் படியில் எழுந்திருக்கப் பார்க்கிறான், மறுபடி விழுகிறான். பக்கத்தில் ஒரு ஈ காக்கா இல்லை. விபத்து என்று எழுதிவிட்டுப் பிணத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

சுடலைமணி பீர் பாயோடு துட்டி கேட்கப் போனான். ஆண்கள் பந்தலில் உட்கார்ந்து பேச்சு வளர்த்துக்கொண்டிருந்தார்கள். செண்பகா கொல்லைப்பக்கம் தண்ணீர்த் தொட்டி ஓரம் தனியாக நின்றாள். அழுத முகமாகத் தெரியவில்லை. அதிர்ச்சியில் அழுகைகூட வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போனான்.

"தாயி, இனிமே நான் தள்ளிப் போட மாட்டேன். நாளைக்கே போறேன். ஒம் முகத்த வாங்கிக் குடுத்துட்டுத்தான் மறுவேலை."

அவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். "வேண்டாம் அண்ணாச்சி."

"என்ன வேண்டாம்?"

"எதுவும் செய்ய வேண்டாம். நான் இப்படியே இருந்துக்கிடுதேன். எங்க அம்மை வீட்டுல ஒரு மூலையில கெடந்துக்கிடுதேன். தயவுசெஞ்சு அங்க போயிராதீங்க."

"வெறுத்துப் பேசாத தாயி. சின்ன வயசு. வேலைக்குப் போவணும், வாழணும்..."

"வேண்டாம்னு சொல்லுதேன்லா!" என்றாள். அதற்குள் பொம்பளைகள் ரெண்டு பேர் குடத்தோடு வந்துவிட்டார்கள். அவள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வருகிற வழியில் பாய் ஒரு சேதி சொன்னார். புருஷன்காரன் செத்துப்போனதால் எதிர்த்துக் கேஸ் கொடுக்க இனி ஆளில்லை. கை தவறிவிட்டது என்று தானாகப் போய்ச் சொன்னால் தண்டனை வெகுவாகக் குறையுமாம். வக்கீல் ஒருத்தரிடம் கேட்டாராம். சுடலைமணிக்கு நல்ல மனசு வந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான், மறைத்துப் பேசி என்ன ஆகப்போகிறது? மறுநாள் காலையில் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு முதல் பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போனான்.

மறுப்பு ஆபீசில் ஜெசிந்தா என்று ஒரு மேடம் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், மூக்குக்கண்ணாடி, பொறுமையான பேச்சு. அவன் சொன்னதை முழுசாகக் கேட்டார்.

"இத்தன மாசம் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"பயம் மேடம்."

"அந்தப் பொண்ணுக்கு இல்லாத பயமா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு, அவர் ஒரு விஷயத்தை விளக்கினார். "மறுப்பு குடுத்தவங்க பதிவ நாங்க அழிக்கிறது இல்ல. பூட்டித்தான் வைக்கிறோம். முகம் திரும்புன உடனே பூட்டு தொறந்துரும். இந்த மாசங்கள்ல எந்தெந்தக் கேமரா முன்னால அவங்க நின்னாங்களோ, அது எல்லாத்துலயும் இருந்த மாதிரியே தெரிவாங்க. புரியுதா?"

சுடலைமணிக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "தெரியட்டும் மேடம்! அந்தப் பய அந்தப் புள்ளய என்ன பாடு படுத்துனான்னு ஊரு பாக்கட்டும். எல்லாத்தையும் தொறங்க."

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "அது வேண்டாங்குது மேடம். புருசன் செத்த துக்கம், வெறுத்துப் போயிக் கெடக்கு. நாமதான பாத்துச் செய்யணும்?"

"சட்டப்படி அவங்க சம்மதம் தேவையில்ல. லென்ஸ்ல விழாதவங்ககிட்ட நாங்க எப்படிச் சம்மதம் வாங்குறது?" என்றார் ஜெசிந்தா மேடம். சுவரில் இருந்த கண்ணாடிக் குமிழுக்கு நேராக அவனை நிறுத்தினார். சம்மதமில்லாமல் நான்தான் அமுக்கினேன் என்று சுடலைமணி உரக்கச் சொன்னான். இத்தனை நாள் முதுகில் சுமந்த நெல்மூட்டையை இறக்கிய மாதிரி இருந்தது.

பூட்டு சரியாகத் திறந்ததா என்று பார்ப்பது மேடத்தின் வேலை. ராஜபிரபு வீட்டுக் கூடத்துக் கேமராவைத்தான் முதலில் போட்டார். சுடலைமணியும் பக்கத்தில் நின்று பார்த்தான். கூடத்தில் செண்பகா இருந்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு திரையில் அவள்! தட்டோடு வருகிறாள், ராஜபிரபு தட்டைத் தட்டிவிட்டு அறைகிறான். அடுத்த நாள் இடுப்பு வார். அதற்கடுத்து, அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதிவிட்டு, கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டிச் சிரிக்கிறான். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பாவி" என்றார். அது யாரை என்று சுடலைமணிக்குத் தெரியவில்லை. அவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

கடைசிப் பதிவு மாடிப்படி. ராஜபிரபு மேல்படியில் நின்று அவளைக் காலால் உதைக்கிறான். அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து எழுந்தாள். ரெண்டு கையாலும் அவன் நெஞ்சில் தள்ளினாள். அவன் உருண்டு பாதிப் படியில் போய்க் கிடந்தான். தலையில் ரத்தம். செத்துவிடவில்லை. ஒரு கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தான், இன்னொரு கையை அவளை நோக்கி நீட்டினான். செண்பகா படியில் இறங்கி வந்தாள். அந்தக் கையைப் பிடிப்பாள் என்றுதான் சுடலைமணி நினைத்தான். அவள் குனிந்து, கேமரா இருக்கிற பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடியும் தள்ளினாள்.

"மேடம்," என்றான் சுடலைமணி. "இத மூடிருங்க மேடம். திரும்ப மறுப்பு போட்டுருங்க. நான் அமுக்குதேன், நானே அமுக்குதேன்."

"ஒருத்தருக்கு ஒரு தடவதான் மறுப்பு. இரண்டாவது கெடையாது." மேடம் திரையை அணைத்தார். "அதோட இது கேஸ்ல இருக்கிற பதிவு. இங்க தொறந்தப்பவே ஸ்டேஷன்லயும் தொறந்திருக்கும். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அவன் டாக்ஸி பிடித்துக் கோவில்பட்டிக்கு ஓடினான். செண்பகாவின் அம்மா வீட்டு முன்னால் ஜீப் நின்றது, தெரு முழுக்கக் கூட்டம். அத்தனை பேர் கையிலும் போன் உயர்ந்திருந்தது, அத்தனை போனிலும் அவள் தெரிந்தாள். பெண் போலீஸ் ஒருத்தி அவள் முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு சுடலைமணி முன்னால் போய் நின்று கும்பிட்டான்.

செண்பகா நின்றாள். திட்டுவாள், காறித் துப்புவாள் என்று கூட்டம் எதிர்பார்த்தது. அவளுக்கு அவ்வளவு தெம்பு மிச்சமில்லை.

"அன்னைக்கு என்னையக் கேக்காம அமுக்குனீங்க. சரி, தெரியாம செஞ்சுட்டீங்க" என்றாள். "இப்ப வேண்டாம்னு சொன்னேனே அண்ணாச்சி. என் வாயாலயே சொன்னேனே."

ஜீப் போய்விட்டது. கேஸ் ஒன்றரை வருஷம் நடந்தது. முதல் தள்ளு தற்காப்பு, ரெண்டாவது தள்ளு கொலை என்று கோர்ட்டு சொன்னது. சுடலைமணியை, தானாக முன்வந்து உண்மையைச் சொன்ன நல்ல மனசை முன்னிட்டு, அபராதத்தோடு விட்டுவிட்டார்கள். அவளுக்கு ஆயுள்.